வெட்டி எறிந்த மேல்துண்டு: வராத பேண்டைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் ஆய்வகத்தின் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனையில் குளூட்-1 என்ற புரதத்தைத் தேடி ஏழு வாரம் அலைந்தாள். கடைசியில் அது கிடைத்த இடம், ஒவ்வொரு முறையும் அவளே வெட்டிக் குப்பைத்தொட்டியில் போட்ட ஜெல் துண்டு. அந்த ஏழு வாரத்தில் எதைச் சந்தேகித்தோம், எதைச் சந்தேகிக்காமல் விட்டோம் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். சில இடங்களில் எங்கள் முட்டாள்தனம் அப்பட்டமாகத் தெரியும். பரவாயில்லை.

சோதனை ஒன்றும் புதுமையானதல்ல. ஹெப்-ஜி2 என்ற மனிதக் கல்லீரல் புற்றுச் செல்களுக்குக் கோபால்ட் குளோரைடு கொடுத்தால், தனக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று செல் ஏமாந்துபோகும். எப்போதும் சிதைந்துகொண்டே இருக்கும் எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் சிதையாமல் தேங்கும். அது போய்ச் சில ஜீன்களை முடுக்கிவிடும். அவற்றில் ஒன்றுதான் குளூட்-1, செல்லுக்குள் குளுக்கோஸைக் கொண்டுசேர்க்கும் வாசற்கதவு. செல் ஆக்சிஜனை உணரும் இந்த வழிமுறைக்குத்தான் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு மூன்று பேருக்குப் பகிர்ந்து கிடைத்தது. குளூட்-1 வரிசையை முதன்முதலில் படித்தறிந்ததும் இதே ஹெப்-ஜி2 செல்களிலிருந்துதான், 1985-இல். ஆக, இந்தச் செல்லில் இந்தப் புரதம் இருக்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. கோபால்ட் கொடுத்தால் எவ்வளவு கூடுகிறது என்று அளப்பது மட்டும்தான் வேலை.

அவள் செய்த முறையும் எல்லோரும் செய்வதுதான். மாதிரிகளை ஜெல்லின் தனித்தனி லேன்களில் மின்சாரத்தால் ஓட்டிப் புரதங்களை எடைவாரியாகப் பிரிப்பார்கள். பிறகு அவற்றை மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் பிடிப்பார்கள். புரதம் இருந்தால் அங்கே ஒரு பட்டை, அதாவது பேண்ட், தெரியும். செல்களை ரிப்பா பஃபரில் உடைத்து, லேனுக்கு 30 மைக்ரோகிராம் புரதம். லெம்லி பஃபர் கலந்து 95 டிகிரியில் 5 நிமிடம். 10 சதவீத ஜெல். ஓட்டம் முடிந்ததும் மேலே இருக்கும் ஸ்டாக்கிங் ஜெல்லை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைப் பி.வி.டி.எஃப். மெம்பிரேனுக்கு 100 வோல்ட்டில் ஒன்றரை மணி நேரம் ஐஸ் வைத்து டிரான்ஸ்ஃபர். ஆன்டிபாடி கண்ட இடத்திலும் ஒட்டாமலிருக்கப் பாலில் பிளாக்கிங். குளூட்-1-ஐப் பிடிக்கும், முயலில் தயாரித்த பிரைமரி ஆன்டிபாடி இரவு முழுக்க 4 டிகிரியில். காலையில் அந்தப் பிரைமரியைப் பிடிக்கும் செகண்டரி ஆன்டிபாடி, டி.பி.எஸ்.டி. என்ற பஃபரில் மூன்று முறை கழுவல், ஒளி வரவைக்கும் இ.சி.எல். கரைசல், படம். அப்புறம் எல்லா லேனிலும் புரதம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் லோடிங் கண்ட்ரோலாக, அதே மெம்பிரேனில் எலியில் தயாரித்த ஆக்டின் ஆன்டிபாடி.

ஆக்டின் எதற்கு, பலரும் போடும் ஜி.ஏ.பி.டி.எச். போதாதா என்று கேட்கலாம். எச்.ஐ.எஃப்-1 அந்த ஜீனையும் தூண்டும். ஆக்சிஜன் குறைவுச் சோதனையில் அதை லோடிங் கண்ட்ரோலாக வைப்பது, தராசுத் தட்டில் விரலை வைத்துக்கொண்டே எடை போடுவதுபோல.

முதல் மெம்பிரேன் வெறுமை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வெறுமையாக வந்த அன்று அவள் அம்மாவிடம் போனில், "பிளாட் போட்டேம்மா, மூணாவது தடவையும் ஒண்ணும் வரல" என்று அழுதிருக்கிறாள். அம்மா பதறிப்போய், "யாருக்குடி பணம் குடுத்த? பத்திரம் பாத்தியா?" என்று கேட்டாராம். அவள் சொன்னது ஆய்வகத்து blot, அம்மா காதில் விழுந்தது வீட்டுமனை plot. தமிழில் இந்தச் சொல்லுக்கு இந்த விபத்து நேர்ந்தே தீரும். பெயர் வந்த கதையும் ஒரு விளையாட்டுதான். டி.என்.ஏ.வுக்கான முறையை 1975-இல் வெளியிட்டவரின் குடும்பப்பெயர் சதர்ன். அதை வைத்து ஆர்.என்.ஏ. முறையை நார்தர்ன் ஆக்கினார்கள். புரதத்துக்கான முறை 1979-இல் வந்தது. 1981-இல் அமெரிக்க மேற்குக் கரையிலுள்ள சியாட்டிலில் இருந்து எழுதிய பர்னெட் அதற்கு வெஸ்டர்ன் என்று பெயர் வைத்துவிட்டார்.

கேனுக்குள் இருந்தது

என்னிடம் வரும்போது அவள் கையில் ஒரு ஆர்டர் பாரம் இருந்தது. "அக்கா, பிரைமரி செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். புதுசு வாங்கலாமாக்கா?"

100 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி ஒன்று இந்த ஊரில் ஆராய்ச்சி மாணவியின் ஒரு மாத உதவித்தொகையை விழுங்கிவிடும். வந்துசேர ஆறு வாரமும் ஆகலாம். அதனால் யாராவது "ஆன்டிபாடி செத்துவிட்டது" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். மெம்பிரேனில் வேறு எதுவாவது வந்ததா?

"ஆக்டினும் வரலக்கா. 10 நிமிஷம் எக்ஸ்போஷர் குடுத்தா, அந்த இடத்துல லேசா புகை மாதிரி."

அப்படியானால் குளூட்-1 பற்றிப் பேசவே வேண்டாம். முயல் ஆன்டிபாடி ஒன்றும் எலி ஆன்டிபாடி ஒன்றும், அவற்றுக்கான இரண்டு செகண்டரிகளும், நான்கும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாரத்தில் சாகாது. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்கவேண்டும். பொதுவானவை என்றால் டிரான்ஸ்ஃபர், கழுவும் பஃபர், இ.சி.எல்., படம் எடுக்கும் கருவி.

"பான்சோ போட்டுப் பாத்தியா?"

"இல்லக்கா. நேரமாயிடுச்சு."

எல்லோரும் சொல்லும் பதில்தான், நானும் சொல்லியிருக்கிறேன். பான்சோ என்பது 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த சிவப்புச் சாயம். டிரான்ஸ்ஃபர் முடிந்த மெம்பிரேனை அதில் ஐந்து நிமிடம் போட்டு நீரில் அலசினால், ஒவ்வொரு லேனிலும் புரதங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். பார்த்த பிறகு சாயம் கழுவிக்கொண்டு போய்விடும், சோதனைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. மெம்பிரேனையும் ஜெல்லையும் இடம் மாற்றி அடுக்கியிருந்தால் புரதம் எதிர்ப்பக்கம் பஃபருக்குள் போயிருக்கும். பி.வி.டி.எஃப்.ஐ மெத்தனாலில் நனைக்காமல் போட்டிருந்தால் அது நீரையே ஏற்றிருக்காது. நடுவில் காற்றுக்குமிழி இருந்திருந்தால் அந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருக்கும். பத்து நிமிடத்தில் இவ்வளவையும் சொல்லிவிடக்கூடிய வேறு சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அன்றே இன்னொரு ஜெல் ஓட்டிப் பான்சோ போட்டோம். எல்லா லேனிலும் சிவப்பு, மேலிருந்து கீழ்வரை அழகாக. டிரான்ஸ்ஃபர் மீதிருந்த சந்தேகம் தீர்ந்தது.

அடுத்தது இ.சி.எல். இதற்கு மெம்பிரேனே வேண்டாம். செகண்டரியோடு ஒட்டியிருக்கும் எச்.ஆர்.பி. என்ற என்சைமுக்கு லூமினாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிடைத்தால் ஒளி வரும், அவ்வளவுதானே. செகண்டரியை நீரில் ஆயிரத்துக்கு ஒன்று என்று கரைத்து, அதே அளவு இ.சி.எல். சேர்த்து, விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் குழாய்க்குள் நீல வெளிச்சம் கண்ணுக்கே தெரியும். செய்தோம். மின்மினிபோல் ஒளிர்ந்தது. இரண்டு செகண்டரியும் உயிரோடு இருக்கின்றன, இ.சி.எல்.லும் நன்றாக இருக்கிறது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் குழம்பினேன். எல்லாமே நன்றாக இருந்தால் மெம்பிரேனில் மட்டும் ஏன் வரவில்லை? அவள்தான் கேட்டாள். "அக்கா, தண்ணிக்குப் பதிலா நான் கழுவுற டி.பி.எஸ்.டி.லயே கரைச்சுப் பாக்கலாமா?" இந்த நிகழ்வில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அது. அதே செகண்டரியை அதே அளவில், நீருக்குப் பதில் டி.பி.எஸ்.டி.யில் கரைத்து, இ.சி.எல். சேர்த்து விளக்கை அணைத்தோம். குழாய் கும்மிருட்டு.

டி.பி.எஸ்.டி.யை ஐந்து லிட்டர் கேனில் மொத்தமாகத் தயாரித்து எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துவது எங்கள் வழக்கம். வெயில் காலத்தில் ஒரு வாரம் போனால் அதில் வெள்ளையாகப் பூஞ்சை மிதக்கும். விசாரித்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி நல்ல எண்ணத்தில், பூஞ்சை பிடிக்காமல் இருக்கட்டும் என்று கேனில் ஒரு கிராம் சோடியம் அசைடு போட்டது தெரிந்தது. ஐந்து லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் 0.02 சதவீதம். ஆன்டிபாடிப் புட்டிகளில் இருக்கும் அதே அளவு. "அதுலயும் இதைத்தானே போடுறாங்கன்னு போட்டேன்" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிரைமரியில் அசைடு இருக்கலாம், நாங்களே போட்டுவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். ஏனென்றால் செகண்டரி வருவதற்கு முன்பே அது கழுவிக்கொண்டு போய்விடும். கழுவும் நீரிலேயே அசைடு இருந்தால் கதை வேறு. மெம்பிரேனில் தங்கிய ஈரத்தோடு அது இ.சி.எல்.லைச் சந்திக்கிறது. அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. அது கிடைத்ததும் பெராக்சிடேஸ் அசைடையும் ஆக்சிஜனேற்றம் செய்யத் தொடங்கும். அதில் பிறக்கும் அசைடு ரேடிக்கல் என்சைமின் ஹீம் பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாக முடக்கிவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு வேதியியலில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கேனைத் தொட்டியில் கொட்டவில்லை. அசைடு கொடிய நஞ்சு. செம்பு, ஈயக் குழாய்களில் தேங்கினால் வெடிக்கக்கூடிய உப்புகள் உண்டாகும். தனியாக எடுத்துவைத்துக் கழிவுக்கு அனுப்பினோம். புதுக் கேனில் தயாரித்த தேதியும் சேர்த்த பொருள்களும் எழுதி ஒட்டினோம். அந்தத் தம்பியை யாரும் திட்டவில்லை. லேபிள் ஒட்டாத கேனை இரண்டு வருடமாக வைத்திருந்தது நாங்கள்தான்.

ஆக்டின் வந்தது, குளூட்-1 வரவில்லை

புது டி.பி.எஸ்.டி.யோடு போட்ட முதல் மெம்பிரேனில் ஆக்டின் கறுகறுவென்று வந்தது. பத்து லேனிலும் ஒரே தடிமன். குளூட்-1 மட்டும் இல்லை. கண்ட்ரோலில் இல்லை, கோபால்ட் கொடுத்ததிலும் இல்லை. ஐந்து நிமிடம் எக்ஸ்போஷர் கொடுத்தால் புரதத்தின் எடை அளவில் 50 கிலோடால்டனுக்குப் பக்கத்தில் ஏதோ இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு நிழல். அது நிஜமா, நம் ஆசை காட்டும் தோற்றமா என்று தெரியவில்லை.

ஆபத்து இங்கேதான் வந்தது. முதல் வாரங்களில் எதுவுமே வராததால் "சோதனை கெட்டுவிட்டது" என்று சொல்ல முடிந்தது. இப்போது ஆக்டின் வருகிறது. ஆகவே சோதனை சரி, புரதம்தான் இல்லை என்று பார்ப்பவர் முடிவுகட்டிவிடுவார். புரதம் செய்வதற்கு ஜீனிலிருந்து எடுக்கப்படும் நகலான எம்.ஆர்.என்.ஏ.வின் அளவு வேறு, கோபால்ட் கொடுத்த செல்களில் தெளிவாக ஏறியிருந்தது. எம்.ஆர்.என்.ஏ. கூடுகிறது, புரதம் இல்லை. வாராந்தரக் கூட்டத்தில் ஆய்வகத் தலைவரான எங்கள் மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. எம்.ஆர்.என்.ஏ.வுக்கும் புரதத்துக்கும் நடுவில் ஏதோ தடை வேலை செய்கிறது, மைக்ரோ ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம் என்று ஒரு ஸ்லைடே தயாரானது. அம்புக்குறிகளோடு அழகான படம்.

மேடத்தைக் குறை சொல்லவில்லை. எதிர்பாராத முடிவு வந்தால் அதற்குக் காரணம் தேடுவதுதான் அவர் வேலை. ஆனால் வெறும் மெம்பிரேனை ஒரு முடிவு என்று நான் ஏற்கவில்லை. இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்று காட்டாத வரை, தெரியவில்லை என்பதை இல்லை என்று எழுத முடியாது. ஆக்டின் வந்ததை வைத்துப் பார்த்தால் எங்களிடம் இருந்த அத்தாட்சி மிகக் குறைவு. லேனில் புரதம் இருக்கிறது, டிரான்ஸ்ஃபர் நடந்திருக்கிறது, எலிக்கான செகண்டரியும் இ.சி.எல்.லும் வேலை செய்கின்றன, அவ்வளவுதான். குளூட்-1 பிரைமரி பற்றியோ, மெம்பிரேனில் வைத்து முயலுக்கான செகண்டரி பிடிக்கிறதா என்பது பற்றியோ, குளூட்-1 மெம்பிரேன்வரை வந்துசேர்ந்ததா என்பது பற்றியோ ஆக்டின் வாயே திறக்காது.

இரண்டு வாரம் வீணாகத் தேடினோம், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பால் சில ஆன்டிபாடிகளுக்கு இடைஞ்சல் செய்யும் என்பதால், பிளாக்கிங்குக்குப் பி.எஸ்.ஏ. என்ற மாட்டு இரத்தப் புரதத்துக்கு மாறினோம். மாற்றமில்லை. பிரைமரியை ஆயிரத்துக்கு ஒன்றிலிருந்து இருநூறுக்கு ஒன்றுவரை கூட்டினோம், பின்னணி கறுத்ததுதான் மிச்சம். சவ்வில் இருக்கும் புரதமாயிற்றே, ரிப்பாவில் கரையாமல் அடியில் படியும் பெல்லட்டோடு போயிருக்குமோ என்று பெல்லட்டைக் கரைத்து, கொதிக்கவைத்து ஓட்டினோம். அதிலும் இல்லை. டிரான்ஸ்ஃபர் ஆகாமல் ஜெல்லிலேயே தங்கிவிட்டதோ என்று, ஜெல்லைப் புரதத்துக்கு நிறமேற்றும் கூமாசிச் சாயத்தில் போட்டோம். அதிலும் மிச்சம் ஒன்றும் இல்லை. இந்தக் கடைசிச் சோதனையை நினைத்தால்தான் இன்றும் சிரிப்பு வருகிறது. கூமாசியில் போட்டது கீழ்த்துண்டை மட்டும். மேல்துண்டு அதற்கு முன்பே குப்பையில் விழுந்திருந்தது.

புள்ளி வைத்துப் பார்த்தது

அடுத்து, எந்தச் சந்தேகமும் இல்லாமல் குளூட்-1 இருக்கும் ஒரு பொருள் வேண்டியிருந்தது. மனிதச் சிவப்பணுவைவிட அதற்குப் பொருத்தமானது கிடையாது. அதன் சவ்வில் குளூட்-1 கொட்டிக்கிடக்கும், ஒரு செல்லுக்கு சுமார் 2 லட்சம் மூலக்கூறுகள். பக்கத்து ஆய்வகத்தில் சிவப்பணுச் சவ்வை வைத்து வேலை செய்கிறார்கள். செல்லை உப்புக் குறைந்த பஃபரில் வெடிக்கவைத்து, ஹீமோகுளோபின் போகக் கழுவி, வெள்ளைச் சவ்வாக மைனஸ் 80-இல் வைத்திருப்பார்கள். கோஸ்ட் என்று சொல்வார்கள், பேய். கேட்டதும் கொஞ்சம் கொடுத்தார்கள்.

அதே குழுவிடம் வளர்ந்த சுண்டெலியின் சிவப்பணுச் சவ்வும் இருந்தது. அதையும் வாங்கிவந்தேன். வளர்ந்த சுண்டெலியின் சிவப்பணுவில் குளூட்-1 கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தானே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ள முடியாத பாலூட்டிகளின் சிவப்பணுவில்தான் குளூட்-1 நிறைந்திருக்கிறது. மனிதர், குரங்கு, கினிப்பன்றி, பழந்தின்னி வௌவால் எல்லாம் அந்த ரகம். ஆக்சிஜனேற்றம் அடைந்த வைட்டமின் சி-யை அந்தக் கதவு வழியாக உள்ளே இழுத்து மறுபடி பயன்படுத்திக்கொள்வதற்கு என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. சுண்டெலி தன் வைட்டமினைத் தானே செய்துகொள்ளும். எங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்த நெகட்டிவ் கண்ட்ரோல்.

மனிதச் சிவப்பணுச் சவ்வை ஹெப்-ஜி2 மாதிரிகளோடு சேர்த்து ஓட்டினோம். அதிலும் குளூட்-1 இல்லை. பாசிட்டிவ் கண்ட்ரோலே தோற்றது. அவள் மறுபடி அந்த ஆர்டர் பாரத்தை எடுத்தாள். பெரும்பாலானோர் இங்கே நிறுத்தியிருப்பார்கள். "பாசிட்டிவ் கண்ட்ரோலும் வரவில்லை, ஆகவே ஆன்டிபாடி செத்துவிட்டது." ஆனால் பாசிட்டிவ் கண்ட்ரோலும் எங்கள் மாதிரிகள் போன அதே வழியில்தான் போயிருக்கிறது. அந்த வழியிலேயே பள்ளம் இருந்தால் இரண்டும் அதில்தான் விழும்.

ஆகவே ஜெல்லையும் டிரான்ஸ்ஃபரையும் கழித்துக்கட்டினோம். ஒரு நைட்ரோசெல்லுலோஸ் மெம்பிரேன் துண்டை எடுத்து, பென்சிலில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் 2 மைக்ரோலிட்டர் நேரடியாகச் சொட்டுவிட்டோம். மனிதச் சிவப்பணுச் சவ்வு, சுண்டெலிச் சவ்வு, ஹெப்-ஜி2, கோபால்ட் கொடுத்த ஹெப்-ஜி2. ஒரு மூலையில் குளூட்-1 பிரைமரியையே ஒரு சொட்டு. செகண்டரி அதைப் பிடித்தாகவேண்டும். காயவிட்டு, பிளாக் செய்து, வழக்கம்போல் பிரைமரி, செகண்டரி, இ.சி.எல்.

மூலைப்புள்ளி கறுப்பு. மனிதச் சவ்வு கறுப்பு. சுண்டெலிச் சவ்வு சுத்தமாக வெள்ளை. ஹெப்-ஜி2 சாம்பல், கோபால்ட் கொடுத்தது அதைவிட அடர்த்தி. படத்தைப் பார்த்ததும் அவள் ஒன்றும் பேசவில்லை, ஆர்டர் பாரத்தை நான்காக மடித்து மேசை டிராயரில் போட்டாள். புள்ளிச் சோதனை புரதத்தின் மூலக்கூறு எடையைச் சொல்லாது, சம்பந்தமில்லாத எதையாவது பிடித்தாலும் புள்ளி வரும். அதனால்தான் சுண்டெலிக் கட்டம் வெள்ளையாக இருந்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஆன்டிபாடி சாகவில்லை. புரதமும் இருக்கிறது. அப்படியானால் சொட்டுவிட்ட மாதிரிக்கும் ஜெல்லில் ஓட்டிய மாதிரிக்கும் இடையில் என்ன வித்தியாசம்? ஜெல், டிரான்ஸ்ஃபர், அப்புறம் ஒன்று. சொட்டுவிட்டதை நாங்கள் கொதிக்கவைக்கவில்லை.

மேல்துண்டு

பேயைத் திருப்பிக்கொடுக்கப் பக்கத்து ஆய்வகத்துக்குப் போனபோது நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த மூத்த மாணவர் டிப் பெட்டியில் இருந்து தலையை நிமிர்த்தாமலே, "நாங்க இதையெல்லாம் கொதிக்க வைக்கிறதே இல்லையே, 37-ல அரை மணி நேரம்தான்" என்றார். ஏழு வாரத்துக்கான விடை ஐம்பது அடி தள்ளி, கேட்டால் சொல்லும் தூரத்தில் இருந்திருக்கிறது. எங்களிடம் இருந்த ஆன்டிபாடிக்கான தரவுத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தோம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் மாதிரியைக் கொதிக்கவைக்க வேண்டாம் என்று போட்டிருந்தது. முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எவ்வளவு கரைக்கவேண்டும் என்று குறித்துக்கொண்டவர்கள் நாங்கள்.

காரணம் இதுதான். குளூட்-1 492 அமினோ அமிலச் சங்கிலி. சவ்வை 12 முறை குறுக்கே கடக்கிறது. அந்தப் பன்னிரண்டு சுருள்களும் எண்ணெய்த் தன்மை உள்ளவை, நீரைக் கண்டால் ஒதுங்கும். அறை வெப்பத்தில், லெம்லி பஃபரில் இருக்கும் சோப்புபோன்ற எஸ்.டி.எஸ். மூலக்கூறுகள் அவற்றைச் சுற்றிப் போர்த்தி நீரில் மிதக்கவைக்கும். 95 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுருள்கள் அவிழ்ந்து, போர்வையை உதறிவிட்டு, பக்கத்து மூலக்கூறின் சுருள்களோடு ஒட்டிக்கொள்ளும். கொதியில் முட்டை வெள்ளைக்கரு கட்டியாவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டி ஜெல்லின் துளைகளுக்குள் நுழையாது. மாதிரியை விடும் குழியான வெல்லின் அடியிலோ, ஸ்டாக்கிங் ஜெல்லும் கீழ் ஜெல்லும் சந்திக்கும் கோட்டிலோ நின்றுவிடும். அதைத்தான் நாங்கள் பிளேடால் வெட்டி எறிந்துகொண்டிருந்தோம். ஆக்டின் போன்ற நீரில் கரையும் புரதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது எவ்வளவு கொதித்தாலும் ஒழுங்காக ஓடும்.

காரணம் புரிந்துவிட்டது என்பதால் நம்பிவிடவில்லை. ஒரே மாதிரியை நான்காகப் பிரித்தோம். ஒன்று அறை வெப்பத்தில் அரை மணி, ஒன்று 37 டிகிரியில் அரை மணி, ஒன்று 70-இல் பத்து நிமிடம், ஒன்று வழக்கம்போல் 95-இல் ஐந்து நிமிடம். ஹெப்-ஜி2-வுக்கு நான்கு, சிவப்பணுச் சவ்வுக்கு நான்கு. இந்த முறை ஸ்டாக்கிங் ஜெல்லை வெட்டவில்லை. அது கொழகொழவென்று கையில் ஒட்டும், மடங்கும், கிழியும். டிரான்ஸ்ஃபர் பஃபரில் மிதக்கவிட்டு மெம்பிரேனை அடியில் கொடுத்து ஏந்தினால் வரும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

படம் திரையில் வந்தபோது விளக்கமே தேவைப்படவில்லை. அறை வெப்பத்திலும் 37-இலும் வைத்த லேன்களில் 45-இலிருந்து 60 கிலோடால்டன்வரை அகலமான கறுப்புப் பட்டை. 70-இல் அந்தப் பட்டை மெலிந்து, மேலே வெல்லின் அடியில் கறை படிந்திருந்தது. 95-இல் பட்டை இருக்கவேண்டிய இடம் வெறுமை, மேலே வெல்லின் அடியை யாரோ மையால் கோடிட்டதுபோல் கறுப்பு. சிவப்பணுச் சவ்விலும் அதே படிக்கட்டு.

அந்த அகலமான பட்டையைப் பார்த்து அவள் பயந்தாள். "அக்கா, இது ஸ்மியரா இருக்கே. கூர்மையா வரவேண்டாமா?" குளூட்-1 அப்படித்தான் வரும். 45-ஆவது இடத்திலுள்ள அஸ்பராஜினில் ஒரு சர்க்கரைக் கிளை தொங்குகிறது, அதன் நீளம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். உறுதிப்படுத்திக்கொள்ளப் பி.என்.ஜி.ஏஸ்-எஃப் என்ற என்சைமால் சர்க்கரையைக் கழற்றினோம். பட்டை கீழே இறங்கி ஒடுங்கியது. இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த என்சைமோடு வரும் முறைத்தாளின் முதல் வரியே மாதிரியை 100 டிகிரியில் பத்து நிமிடம் வைக்கச் சொல்லும். அந்த வரியைத் தாண்டிவிட்டுத்தான் செய்யவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி மேல்துண்டுக்கே போய்விடுவோம்.

கொதிக்கவைக்காததில் சில சங்கடங்களும் உண்டு. புரதத்தை வெட்டும் என்சைம்கள் வெப்பத்தில் சாகாமல் இருக்கும், ஆகவே தடுப்பான்களை அளவாகப் போட்டு, கலந்த உடனே ஓட்டிவிடவேண்டும். டி.என்.ஏ. சளிபோல் நூல்விடும், ஊசியால் உறிஞ்சி அடித்தோ, ஒலியலையால் சோனிகேட் செய்தோ அதை உடைக்கவேண்டும். எல்லாப் புரதத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் கொதிக்கவைப்பதுதான் சரி. சவ்வைப் பலமுறை கடக்கும் புரதம் என்றால் மட்டும் கொதிகலத்தில் வைக்குமுன் ஒரு கணம் நிற்கவேண்டும்.

கோபால்ட் சோதனையை மூன்று முறை தனித்தனியாகச் செய்தோம். மூன்றிலும் குளூட்-1 கூடியது, எம்.ஆர்.என்.ஏ. கூடியதோடு ஒத்துப்போனது. பாடப்புத்தகம் சொல்வதுதான், புதிதாக எதுவும் இல்லை. மேடம் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஸ்லைடைத் திறந்து ஒருமுறை பார்த்தார். "படம் நல்லாத்தான் வரைஞ்சிருந்தேன்" என்றபடி அழித்தார்.

அடுத்த வாரம் மைனஸ் 20 பெட்டியைச் சுத்தம் செய்தபோது அவள் ஒரு சின்னப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு வருடம் முன்பு படிப்பை முடித்துப் போன ஒருவர் வாங்கிய குளூட்-1 ஆன்டிபாடி, வேறு நிறுவனத்துடையது. மூடியின்மேல் சிவப்பு மையில் "வேலை செய்யாது" என்று எழுதியிருந்தது. முக்கால்வாசி அப்படியே இருந்தது. அவருடைய பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். ஏழு தேதிகள், ஏழு வெறும் மெம்பிரேன்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே கையெழுத்தில் "95 டிகிரி, 5 நிமிடம்". அவர் அந்தப் புரதத்தையே விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறிப்போயிருந்தார்.

அன்று மாலையே கொதிக்காத மாதிரியில் அந்தப் பழைய ஆன்டிபாடியைப் போட்டாள். மறுநாள் காலை பத்தரைக்கு 30 நொடி எக்ஸ்போஷரில் பட்டை வந்தது. மூடியில் இருந்த எழுத்தை எத்தனாலால் துடைத்துவிட்டு, புட்டியை அதே இடத்தில் வைத்தாள்.